ஒருமுறை எறிந்த ஆடு

எங்கள் தெங்கர் மலையில் கசாடா திருவிழா அன்று ஆட்கள் இரண்டு வகை. புரோமோ எரிமலையின் விளிம்பில் நின்று எறிகிறவர்கள் ஒரு வகை. உள்சரிவில் வலையோடு நின்று பிடிக்கிறவர்கள் இன்னொரு வகை. நிலம் உள்ளவன் மேலே நிற்பான். தன் வயலில் விளைந்த உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், வெங்காயத்தாள் என்று கொண்டுவந்து எறிவான். வேண்டுதல் பெரிதாக இருந்தால் கோழி, ஆடு. நிலம் இல்லாதவன் கீழே நிற்பான். நான் பதினோரு வருடமாகக் கீழே நிற்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மலை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும், மிச்சம் பிடிக்கிறவனுக்கு. பூசாரிகளும் அப்படித்தான் சொல்வார்கள்.

இந்த வருடம் நான் இரண்டு இடத்திலும் நிற்க வேண்டியிருந்தது.

மழைக்காலத்தில் மகள் ரிஸ்திக்கு நெஞ்சுச்சளி கட்டிக்கொண்டது. நான்கு வயது. மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்து மலையை விட்டு இறங்கி, புரோபோலிங்கோ ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் பிள்ளையின் உதடு நீலமானது. என் பெண்டாட்டி பொனினா வராந்தாவுக்குப் போனாள். அங்கே பெருக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் மலை எந்தப் பக்கம் என்று கேட்டு, அந்தச் சுவரைப் பார்த்துக் கும்பிட்டாள். பிள்ளை பிழைத்தால் வருகிற கசாடாவுக்கு ஓர் ஆடு. பிள்ளை பிழைத்தது. இப்போது பக்கத்து வீட்டுக் கோழிகளை நிம்மதியாக மேயவிடுவதில்லை.

ஆட்டுக்கு என்று கொஞ்சம் பணம் எடுத்து வைத்திருந்தேன். முல்யாதி முதலாளியின் தோட்டத்தில் கிழங்கு தோண்டுவதுதான் என் பிழைப்பு. கசாடாவுக்கு முந்தின மாதம் உறைபனி இறங்கி, அவருடைய செடிகளில் பாதியைக் கருக்கிவிட்டது. கிழங்கு இல்லை என்றால் தோண்டுகிற ஆளும் வேண்டாம். எடுத்து வைத்தது அரிசியாகவும் மிளகாயாகவும் போயிற்று. பொனினாவிடம் சொல்லவில்லை. அடுத்த ஊர்க்காரன் ஒருவனிடம் ஆடு பேசியிருப்பதாகவும், அவன் கசாடா அன்று காலையில் மலையடிவாரத்துக்கே ஓட்டிவந்து தருவான் என்றும் சொல்லி வைத்தேன்.

என் திட்டம் இதுதான். உள்ளே இறங்கி நின்றால் ஆறேழு ஆடாவது வரும். ஒன்றைப் பிடித்து, சுற்றிக்கொண்டு போய், படியேறி, மேலே இருந்து எறிந்துவிட்டால் வேண்டுதல் தீர்ந்தது. ஆட்டின் முகத்திலா எழுதியிருக்கிறது?

பொனினா இந்த விஷயத்தில் விளையாடுகிறவள் இல்லை. பிள்ளை இல்லாத ஜோகோ செகரும் அவர் பெண்டாட்டி ரோரோ அன்தெங்கும் மலையிடம் கேட்டு இருபத்தைந்து பிள்ளை பெற்ற கதை எங்கள் ஊரில் நாய்க்குக்கூடத் தெரியும். கடைசிப் பிள்ளையைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, தருகிற நாள் வந்ததும் ஒளித்து வைத்தார்கள். மலை நெருப்பை நீட்டித் தானே எடுத்துக்கொண்டது. அப்புறம்தான் அந்தப் பிள்ளை கெசுமா உள்ளேயிருந்து பேசியது: வருடம் தவறாமல் கசாடா மாதப் பௌர்ணமிக்கு உங்கள் விளைச்சலைக் கொடுங்கள், போதும். மற்றவர்களுக்கு இந்தப் பின்பாதிதான் கசாடா. பொனினாவுக்கு முன்பாதிதான். "ஒளிச்சு வெச்சாங்க, அதனால எடுத்துக்கிச்சு" என்பாள். ரிஸ்தி இருமினால் போதும், என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

அன்று வெளுக்கும்போதே நான் உள்சரிவில் நின்றுவிட்டேன். மூக்கில் துணி கட்டியும் கந்தகப் புகை தொண்டையை அறுத்தது. கால் வைத்தால் சாம்பல் சரியும். பக்கத்தில் காஸ்வான். கீழ்நாட்டு ஆள், சைக்கிளில் மீன் விற்கிறவன், வருடா வருடம் வருவான். அவனுக்கு இது எதுவும் சாமி இல்லை, ஒரு நாள் வேலை. ஆனாலும் மலையைப் பற்றி ஒரு தப்பு வார்த்தை பேசமாட்டான், என்னைப் பற்றித்தான் பேசுவான். "ஒங்க ஊரு சாமிக்கு நீயும் ஒண்ணும் போடுறதில்ல, நானும் போடுறதில்ல. நான் வெளியாளு, தப்பிச்சேன். நீ என்ன சொல்லப் போற?" என்று ஆரம்பித்தான். நான் என் வலையை விரித்துப் பிடித்தேன். அவன் வலை ஓட்டை. கோஸ் விழுந்தால் நிற்கும், முட்டை விழுந்தால் நிற்காது. என் வலை நானே பின்னியது, நைலான் நூல். இரண்டு மழைக்காலம் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தபோது பின்னினேன். அதன்மேல் அவனுக்குப் பல வருடமாகக் கண்.

வெயில் விளிம்பில் படும்போது முதல் ஆடு வந்தது. தள்ளிவிட்டதும் கத்திக்கொண்டே சறுக்கி இறங்கியது. காஸ்வானும் நானும் ஒரே நேரத்தில் பாய்ந்தோம். தலையில் விழுந்த வலை என்னுடையது, கழுத்துக் கயிற்றைப் பிடித்ததும் நான். கயிற்றைப் பிடித்தவனுக்குத்தான் ஆடு, அங்கே அதுதான் சட்டம்.

"நல்லா இரு. எனக்கு இன்னைக்கும் முட்டக்கோசுதான்" என்றான்.

அப்போதுதான் பார்த்தேன், இடது கொம்பு பாதி ஒடிந்திருந்தது. முல்யாதி வீட்டு ஆடு. அவர் வீட்டுத் தொழுவத்தில் நானே அதற்குத் தழை போட்டிருக்கிறேன். எறிந்தவர் இந்நேரம் இறங்கிப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். இன்னோர் ஆட்டுக்குக் காத்திருக்கலாம்தான். வராமல் போனால்?

சரிவில் பக்கவாட்டாக ஏறி வெளியே வந்து, ஆட்டின் கழுத்தில் கிடந்த பூமாலையைப் பிய்த்துப் போட்டேன். படிக்கட்டின் அடியில் பொனினா ரிஸ்தியைச் சாரோங் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"ஆடு ஏன் இப்படிச் சாம்பலாக் கெடக்கு?"

"வர்ற வழியில மணல்காட்டுல காத்து."

அவள் ஆட்டின் பிடரியில் கை வைத்தாள். கையை மூக்கருகே கொண்டுபோனாள். முன்னால் படியேறினாள்.

விளிம்பில் எங்கள் ஊர்ப் பூசாரி சாம்பிராணிச் சட்டியோடு உட்கார்ந்திருந்தார். எறிகிறதற்கு முன்னால் ஒவ்வொன்றுக்கும் அவர் புகை காட்ட வேண்டும். காட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார், எல்லாரிடமும் அதே கேள்வி. உன்னுடையதுதானா? வெங்காயத்தாள் ஒரு கட்டுக் கொண்டுவந்தாலும் கேட்பார். வாயால் பதில் சொல்ல வேண்டும்.

"ஆடு ஒன்னோடதுதானா, வாகிமா?"

"என்னோடதுதான். வாங்கினது."

பக்கத்தில் சிமெண்டுக் கட்டையில் யாரோ முட்டியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பினார். முல்யாதி. முட்டிவலியில் படியிறங்க முடியாமல் அங்கேயே தங்கிவிட்டிருக்கிறார்.

"அந்தக் கொம்பத் திருப்பு பாப்போம்" என்றார். பார்த்தார். "ஏம்ப்பா, இது நான் காலையில தள்ளிவிட்ட ஆடு. மலைக்குப் பிடிக்கலன்னு ஒங்கிட்டக் குடுத்தனுப்பிருச்சா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பூசாரி சிரிக்கவில்லை. கோபமும் படவில்லை. சாம்பிராணிச் சட்டியைக் கீழே வைத்தார்.

"புடிச்சது தப்பில்ல. புடிச்சவனுக்குத்தான் அது. வீட்டுக்குக் கொண்டுபோ, வளத்துக்கோ, அறுத்துத் தின்னு, யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா அது அவரு போட்டு மலை சாப்பிட்டாச்சு. சாப்பிட்ட எலைய எடுத்து மறுபடியும் அவங்களுக்கே பரிமாறுவியா?"

நான் பனியைப் பற்றியும், வேலை இல்லாததைப் பற்றியும் சொன்னேன். பொய் சொன்னதையும் சொன்னேன், சொல்லாமல் வழியில்லை. சிரித்தது முல்யாதிக்கே உறுத்தியிருக்க வேண்டும். வீட்டில் இன்னோர் ஆடு இருக்கிறது, ஆள் அனுப்பி ஓட்டிவரச் சொல்கிறேன், சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அதுவும் உங்கள் ஆடுதானே என்று பொனினா சொல்லிவிட்டாள். என் பக்கம் அவள் திரும்பவில்லை. பூசாரியிடம்தான் பேசினாள்.

"கந்தக வாசன அடிச்சப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு சாமி. தெரிஞ்சும் ஏறி வந்தேன். இந்தக் கசாடான்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். இப்ப நான் என்ன பண்றது?"

குரல் சரியாகத்தான் இருந்தது. ரிஸ்தியைப் பிடித்திருந்த கைதான் இறுகியிருந்தது. பிள்ளை வலிக்கிறது என்று நெளிந்தது.

பூசாரி ஆட்டை இழுத்து அடிவயிற்றைத் தடவினார். கொஞ்ச நேரம் தடவினார். சினை, மூன்று மாதம் இருக்கும் என்றார். முல்யாதி தனக்கே தெரியாதே என்று எழுந்து வந்து அவரும் தடவிப் பார்த்தார். ஆடு மலையின் மிச்சம், ஆனால் குட்டி எங்கள் வீட்டில் பிறந்து, பொனினா அறுத்து வருகிற புல்லைத் தின்று வளர்ந்தால் அது எங்களுடையது. அடுத்த கசாடாவுக்கு அதைக் கொண்டுவரலாம் என்றார் பூசாரி. ஆனால் வெறுங்கையோடு தவணை கேட்கக் கூடாது. இன்றைக்கே ஏதாவது ஒன்று விழ வேண்டும். சொந்தமாக இருக்க வேண்டும். போனால் நமக்கு வலிக்கிற பொருளாக இருக்க வேண்டும்.

எங்களிடம் என்ன இருந்தது? பையில் இருந்த கிழங்கு முல்யாதி தோட்டத்துக் கிழங்கு. சாரோங் அக்காவிடம் இரவல் வாங்கியது. பொனினா என் தோளைப் பார்த்தாள். வலை தொங்கிக்கொண்டிருந்தது.

"வேண்டாம்" என்றேன். "இது இல்லாம அடுத்த வருசம் எப்படிக் கீழ நிப்பேன்?"

"அடுத்த வருசம் நீங்க மேலதான நிக்கணும்" என்றாள்.

பூசாரி உன்னுடையதுதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்று நான் சொன்ன பதில்களில் அது ஒன்றுதான் தடுமாறாமல் வந்தது. புகை காட்டினார். மூங்கில் கழியோடு சேர்த்து எறிந்தேன். காற்றில் வலை முழுசாக விரிந்தது. நான் போட்ட முடிச்சு ஒன்றும் அவிழவில்லை. புகைக்குள் போகும் என்று பார்த்தேன். போகவில்லை. பாதிச் சரிவில் ஒருவன் எழுந்து ஓடிவந்து, இரண்டு கையாலும் பிடித்தான். காஸ்வான். அண்ணாந்து பார்த்தான், நான் நிற்கிறதைப் பார்த்தான், வலையைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினான்.

"நூலு உறுதியா இருக்குடா" என்று கத்தினான்.

முல்யாதி மறுபடியும் சிரித்தார். பொனினா ஆட்டுக் கயிற்றை என் கையில் கொடுத்தாள்.

"போட்டாச்சு. யாரு புடிச்சா நமக்கென்ன" என்றாள். பதினோரு வருடம் நான் கீழே நின்று நினைத்ததும் அதுதான். மேலே நின்று கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஆடு இரண்டு குட்டி போட்டது. ஒன்று பெட்டை, ஒன்று கிடா. பொனினா அன்றைக்கே அடுத்த கசாடாவுக்கு என்று கிடாவின் காதில் சிவப்பு நூல் கட்டிவிட்டாள். ரிஸ்தி பெட்டைக்குப் பெயர் வைத்தாள். கிடாவுக்கும் ஒரு பெயர் வைக்கப் பார்த்தாள், பொனினா விடவில்லை.