ஈரச் சாக்கு

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். என் வீட்டுக்குள் முதலில் ஆமை வந்தது, பின்னாலேயே ஜீப்பும் வந்தது. இதில் ஆமையை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

என் வீட்டுக்காரர் மீரா சாகிபு கோட்டைப்பட்டினம் பக்கம் சின்ன வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். போன வருஷம் வனத்துறை ஆபீசர் ஒருத்தர் மீன் ஏலக்கூடத்தில் கூட்டம் போட்டார். ஆமை அழிந்துகொண்டிருக்கிற உயிர், வலையில் மயங்கிக் கிடந்தால் அப்படியே கடலில் தள்ளாதீர்கள், மூழ்கிச் செத்துவிடும், பின்பக்கத்தை உயர்த்தி வைத்து ஈரச் சாக்கைப் போட்டு, தெளிந்ததும் விடுங்கள் என்றார். ஊரே கொட்டாவி விட்டது. காது கொடுத்துக் கேட்டவர் என் மச்சான் ஒருத்தர்தான்; வீட்டுக்காரரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன்.

அடுத்த வாரமே வலையில் ஒரு பேராமை அசையாமல் வந்தது. கூடப் போயிருந்த எங்கள் மகன் அப்ரார், "தள்ளி விடுங்கத்தா, நமக்கெதுக்கு வம்பு" என்றிருக்கிறான். இவர் கேட்கவில்லை. காற்று ஏறிவிட்டதால் கரைக்கே கொண்டுவந்தார். எங்கள் முற்றத்தில் வாலுக்கடியில் செங்கல்லை வைத்து, சாக்கை நனைத்து நனைத்துப் போட்டார். நான் பிள்ளை பெற்றபோதுகூட மனுஷன் அப்படிப் பக்கத்தில் உட்காரவில்லை.

சாயங்காலம் ஆமை கண்ணைத் திறந்தது. அதற்குள் எவனோ போட்டோ எடுத்து, மீரா சாகிபு வீட்டில் ஆமைக்கறி என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். ஜீப் வந்தது. கூட்டம் போட்டவர் மாற்றலாகிப் போய், புது ஆபீசர் வந்திருந்தார்.

"எங்க மார்க்கத்துல ஆமை திங்கக் கூடாதுங்க சார்" என்றேன்.

"அப்ப விக்கத்தான் வச்சிருக்கீங்க" என்றார்.

ஆமையைக் கடலில் விட்டார்கள். அப்பனையும் மகனையும் கேஸில் சேர்த்தார்கள். அப்ராருக்குக் கத்தாரில் வேலை தயாராக இருந்தது. கேஸ் இருக்கிறதென்று பாஸ்போர்ட் நின்றுபோக, வேலை வேறு எவனுக்கோ போனது. "ஒங்களுக்கு மகன் பெருசா, ஆமை பெருசா?" என்று கேட்டுவிட்டு அறந்தாங்கிக்கு ஒரு செல்போன் கடை வேலைக்குப் போனவன், இன்றுவரை அத்தாவிடம் பேசவில்லை. புதுக்கோட்டை கோர்ட்டில் வாய்தாவுக்கு வந்தாலும் தள்ளித்தான் நிற்கிறான்.

இந்தப் பங்குனியில் ஒருநாள் மச்சான் கடலிலிருந்து வந்து சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மச்சான்?"

"பேராமை ஒண்ணு. மயங்கிக் கெடந்துச்சு. தள்ளி விட்டுட்டேன்."

"நீந்துச்சா?"

"இல்ல. அப்படியே உள்ள எறங்கிருச்சு."

ரெண்டு நாள் கழித்து அது கரை ஒதுங்கியது. நாய்கள் இழுத்துக்கொண்டு கிடந்தன. மச்சான் பார்த்துவிட்டு வேறு பக்கமாக வீட்டுக்கு வந்தார்.

அந்த வாரமே புது ஆபீசர் ஏலக்கூடத்தில் கூட்டம் போட்டார். அதே பாடம், அதே ஈரச் சாக்கு. கடைசியில் பலகையில் எழுத சாக்பீஸை எடுத்துக்கொண்டு, "ஆமைக்கு இயற்கையான எதிரிங்க யார் யாரு? சொல்லுங்க பார்ப்போம்" என்றார்.

நண்டு, காக்கா, நரி, நாய், சுறா என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

"வேற?"

மச்சான் எழுந்தார். கூட்டத்தில் வாயே திறக்காத மனுஷன்.

"எம் பேரையும் எழுதிக்கங்க சார். போன தடவ தப்பா எழுதிட்டீங்க. இப்பச் சரியா இருக்கும்."