மூன்றாம் மாடியில் யாரும் இல்லை

நகராட்சியின் குடிப்பதிவுப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் பெத்ரூச்சிக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவனைப் பிடிக்காது. அன்று என் விலாச மாற்ற விண்ணப்பத்தைக் கையால்கூடத் தொடாமல் பேனா நுனியால் புரட்டினான்.

"நீங்க அங்க இருக்கீங்களான்னு பாக்கக் காவலர் ரெண்டு தடவை வந்துட்டுப் போயிட்டாரும்மா. யாரும் கதவைத் திறக்கல. அழைப்பு மணிப் பலகையில உங்க பேரும் இல்ல. இன்னொரு தடவை வருவாரு. அப்பவும் ஆள் இல்லைன்னா தள்ளுபடிதான்."

எப்போது வருவார் என்று கேட்டேன். சொல்லிவிட்டு வந்தால் அதற்குப் பெயர் சோதனையா என்று திருப்பிக் கேட்டான்.

அம்மா இயோலாந்தா குடியிருப்பது அரசாங்க வாடகை வீடு. அவளுடைய குடும்பப் பதிவில் நானும் ஏறினால்தான் அவளுக்குப் பிறகு அங்கே இருக்க முடியும். ஏறாவிட்டால் சவப்பெட்டி இறங்கிய கையோடு நானும் படி இறங்க வேண்டியதுதான். புருஷனை விட்டு வந்த நாளிலிருந்து அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கி நிறுத்துவது நான். காகிதத்தில் மட்டும் இன்னும் அந்த ஆளுடைய வீட்டில், அவனுடைய புதுப் பெண்ணோடு ஒரே கூரையின் கீழ் இருந்தேன். இந்த லட்சணத்தில் விலாசத்தை மாற்று என்று அவனே வாரம் தவறாமல் போன் செய்து கத்துவான்.

காவலர் வந்துபோன இரண்டு காலையும் நான் பள்ளிக்கூடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குக் காதருகே கத்தினால்தான் கேட்கும், மணிச் சத்தம் எட்டாது. என் பெயரை எழுதி மணிப் பலகையில் ஒட்டினால் மறுநாளே யாரோ சுரண்டிவிடுவார்கள். யாரோ என்ன யாரோ, எர்சீலியாதான். எங்களுக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில் இருக்கிறாள். துணியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, விடியற்காலையில் அம்மா பிடித்து நடக்கும் இரும்புச் சட்டம் தரையைப் பிறாண்டுகிறது என்று எப்போதும் ஒரே பாட்டு. துடைப்பக் கட்டையால் அவளுடைய கூரையை இடிப்பாள். எங்கள் தரை அதிரும். ஒருநாள் மாடிப்படியில் என் முகத்துக்கு நேராகவே சொன்னாள், உன்னை இந்தக் கட்டிடத்தை விட்டு விரட்டாமல் சாகமாட்டேன் என்று.

மூன்றாவது தடவை காவலர் வந்தபோது எனக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். பள்ளியில் குழாய் உடைந்து சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். கையில் ரொட்டியும் கீரையுமாக மூச்சிரைக்க ஏறினால், எங்கள் வாசலில் இளம் காவலர் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். நான்தான் லொரேதானா என்று சாவியை நீட்டினேன். அவர் சாவியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"சாவி யாருகிட்ட வேணா இருக்கும். வெறும் பதிவுக்காக வந்து நிக்கிறவங்கள தினமும் பாக்குறேன். நீங்க இங்க இருக்கீங்கன்னு சொல்ல அக்கம்பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. அதற்குள் கீழே ஒரு கதவு திறந்தது. இரவு அங்கியோடு எர்சீலியா எட்டிப் பார்த்தாள். இந்த ஊரில் இத்தனை வாய் இருக்க, என் வீடு இவள் வாயிலா மாட்ட வேண்டும்!

காவலர் இறங்கிப் போய், மேலே இந்தம்மா குடியிருக்கிறார்களா என்று கேட்டார். எர்சீலியா என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும், நான் தெருவில். அந்த வார்த்தையைச் சொல்லத்தான் வாயைத் திறக்கிறாள் என்று நினைத்தேன்.

"இவளா? குடியிருக்காளாவா?" என்று ஆரம்பித்தாள். "தினமும் விடியறதுக்குள்ள என் தலைமேலதான் நடக்குறா. ராத்திரி அந்தக் கிழவிகிட்ட ஊருக்கே கேக்குற மாதிரி கத்துறா. இவ ஊத்துற சோப்புத் தண்ணி பூரா என் செடியிலதான்."

"அப்ப இருக்காங்கன்னு எழுதிக்கலாமா?"

"எழுதுங்க தம்பி, நல்லா பெருசா எழுதுங்க. எத்தனை புகார் குடுத்தேன் தெரியுமா? அத்தனையும் திரும்பி வந்துச்சு. அந்தப் பேர்ல மேல யாருமே இல்லையாம். இல்லாதவ மேல நோட்டீஸ் அனுப்ப முடியாதாம். அப்ப என் தலைமேல நடக்குறது யாரு, பேயா?"

காவலர் எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது, படியிலிருந்து உருட்டிவிடவும் தோன்றியது. நன்றி என்று வாய் குழறியது.

"நன்றியெல்லாம் நீயே வச்சுக்கோ," என்றாள். "இனிமே இருக்கு உனக்கு."

குடும்பப் பதிவுச் சான்றிதழைப் பெத்ரூச்சி தன் சொத்தில் பாதியை எழுதித் தருகிறவன் போல முகத்தைச் சுளித்துக்கொண்டே கொடுத்தான். அம்மாவின் பெயர், அதற்குக் கீழே என் பெயர். அதே வாரம் தபால்காரர் பதிவுத் தபால் ஒன்றோடு மூன்று மாடி ஏறி வந்தார். நீங்கள்தானே என்று கேட்டார். நானேதான் என்று கையெழுத்துப் போட்டேன். அந்த விலாசத்துக்கு என் பெயரில் வந்த முதல் அரசாங்கக் கடிதம்: சத்தம் போட்டதற்கு நோட்டீஸ்.

யார் எழுதியிருக்கிறார்கள் என்று அம்மா கேட்டாள். அவள் காதருகே குனிந்து கத்தினேன், கீழேயும் கேட்கட்டும் என்று.

"நான் இங்கதான் இருக்கேன்னு எழுதியிருக்காங்கம்மா!"

கீழிருந்து துடைப்பக் கட்டை இடித்தது. நான் இன்னொரு தடவை கத்தினேன்.