அலுகோசு உத்தியோகம்

குகதாசன் பத்திரிகையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உரக்க வாசித்தான். சிறைச்சாலைக்கு அலுகோசு பதவிக்கு ஆள் தேவையாம். ஆணாக இருக்க வேண்டும், நாற்பத்தைந்து வயதுக்கு மேற்படக்கூடாது, நன்னடத்தை உள்ளவராக இருக்க வேண்டும்.

“அலுகோசு எண்டா என்னப்பா?” குசினிக்குள் இருந்து கௌசலா கேட்டாள்.

“தூக்கில போடுறவன்.”

தேத்தண்ணிக்குச் சீனி போட்டேனா இல்லையா என்று அவளுக்கு மறந்துபோனது. இன்னொரு தரம் போட்டாள்.

“எனக்கு நாப்பத்திநாலு வயதுதானே,” என்றான் குகதாசன்.

உருத்திரபுரத்தில் அவர்களுக்கு இரண்டு பெண்பிள்ளைகள் இருந்தார்கள். சின்னவள் சுதாஜினி இருக்கிறாள். மூத்தவள் யதுர்சிகா சைக்கிளில் ரியூசனுக்குப் போனவள், அடுத்த நாள் காலை வாய்க்காலுக்குள் கிடந்தாள். செய்தவன் கிருபன். அவர்கள் வயலில் நெல்மூட்டை தூக்கியவன், கௌசலாவின் கையால் சோறு வாங்கித் தின்றவன். செத்தவீட்டுக்குப் பந்தல் போடவும் முதல் ஆளாக வந்து நின்றவன் அவன்தான். 

வழக்கு வருடக்கணக்காக இழுபட்டது. தீர்ப்பு நாளில் எல்லாரையும் எழும்பி நிற்கச் சொன்னார்கள். லைற்றை அணைத்தார்கள், காற்றாடியும் நின்றது. அந்த அரை இருட்டில் நீதிபதி, உயிர் பிரியும்வரை தூக்கிலிடும்படி வாசித்து முடித்துவிட்டுப் பேனையை முறித்தார். கௌசலா சந்தோசப்பட்டாள். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது, சந்தோசப்பட்டாள்தான். வெளியே வந்ததும் முதல் வேலையாகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள்.

பிறகுதான் சட்டத்தரணி விசயத்தை அவிழ்த்தார். எழுபத்தாறாம் ஆண்டுக்குப் பிறகு இந்த நாட்டில் ஒருவரையும் தூக்கில் போடவில்லை. தீர்ப்பு வரும், பேனை முறியும், ஆள் உள்ளே இருந்து மூன்று நேரமும் சாப்பிடுவான்.

“அப்ப என்னத்துக்கு லைற்றை அணைச்சவை?” என்று கேட்டாள் கௌசலா. படித்த மனுசன், வழக்குக் கட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

இப்போது போதைப்பொருள் கடத்தியவர்களைத் தூக்கில் போடப்போகிறோம் என்று மேலிடத்தில் கதை அடிபட்டது. அதற்குத்தான் ஆள் தேடினார்கள். அவர்களில் தொடங்கினால் எப்படியும் கிருபனின் முறை வரும் என்று குகதாசன் நம்பினான். அந்த நேரம் கயிறு தன் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்குத் தேவை.

கதை ஊருக்குள் பரவ எவ்வளவு நேரம் செல்லும்? பக்கத்து வளவு முத்துலிங்கம் படலையடியில் நின்றபடியே தொடங்கிவிட்டார்.

“உனக்கென்ன விசரே குகன்? கோடு, நீதிபதி, வழக்கு ஒண்டும் இல்லாமலே எங்கட சனத்தை எத்தினை பேரை இந்த அரசாங்கக்காரர் முடிச்சவங்கள். உன்ர தம்பியை எந்தக் கோட்டில வைச்சு விசாரிச்சவங்கள்? இப்ப நீ போய் அவங்களுக்குக் கயிறு இழுத்துக் குடுக்கப்போறியோ? எங்கட பெடியளை உள்ளுக்க வைச்சு வெட்டின வெலிக்கடைச் சிறை எண்ட பேரைக் கேட்டாலே எனக்குக் குலை நடுங்குது. நாளைக்கு எங்கட பெடியன் ஒருத்தனைக் கொண்டுவந்து முன்னால நிப்பாட்டினா என்ன செய்வாய்?”

கௌசலாதான் விளக்குமாற்றோடு வந்தாள்.

“உங்கட பிள்ளை வாய்க்காலுக்குள்ள கிடக்கேல்லை அண்ணை. நீங்கள் போய் உங்கட அலுவலைப் பாருங்கோ.”

முகத்தில் அடித்தமாதிரி இருந்திருக்கும், மனுசன் திரும்பிப் போய்விட்டார். விண்ணப்பத்தை அழகான எழுத்தில் எழுதிக் கொடுத்தவளும் கௌசலாதான். குகதாசனின் எழுத்து கோழி கிண்டினமாதிரி இருக்கும்.

நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்த நாளிலிருந்து ஆள் வேறு ஆளாகிவிட்டான். தூக்குப் போடுவதற்கு முதல் அந்த ஆளின் பாரத்திலேயே மூட்டை கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கிருபனின் பாரம் அவனுக்குத் தெரியும். ஒருமுறை மில்லில் நெல் நிறுக்கும் தராசில் கிருபன் பகிடிக்கு ஏறி நின்றான். சுற்றி நின்று சிரித்தவர்களில் குகதாசனும் ஒருவன். அந்தப் பாரத்துக்கு ஒரு சாக்கில் நெல்லை நிரப்பிக் கட்டி, முற்றத்து வேம்பில் தூக்கினான், இறக்கினான், மறுபடி தூக்கினான். காயப்போட்ட நெல் மழையில் நனைந்தது. அவன் படியில் இருந்து முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தான். கௌசலாதான் நெல்லை அள்ளினாள். அவனுக்கு ஒரு பிடிப்பு வேண்டும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்த சுதாஜினி வேம்பில் கயிற்றைக் கண்டாள். சாக்கு கீழே கிடந்தது, சுருக்கு மட்டும் மேலே தொங்கியது. சித்திரை வருசத்துக்கு அப்பா இந்த மரத்தில்தான் ஊஞ்சல் கட்டுவார். பிள்ளை வேறென்னத்தை நினைக்கும்? குசினிக்குப் பின்னால் கிடந்த போன வருசத்து ஊஞ்சல் பலகையை இழுத்துக்கொண்டு வந்தாள். பலகையை எங்கே கொழுவுவது என்று தெரியாமல் சாக்கின்மேல் ஏறி நின்று சுருக்கை இழுத்துப் பார்த்தாள். பிறகு பகிடிக்கு அதற்குள் தலையை விட்டாள்.

“அப்பா, இது எனக்குப் பெரிசாக் கிடக்கு!”

குசினி வாசலில் நின்ற கௌசலா மகளைப் பார்க்கும் முன்பு படியில் இருந்த புருசனைத்தான் பார்த்தாள். அவன் ஓடவில்லை. தலையைச் சற்றுச் சரித்து, முடிச்சு பிள்ளையின் கழுத்தில் எந்த இடத்தில் வந்து நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கணம்தான். ஆனால் பார்த்தான்.

அவள் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கி இறக்கினாள். கத்தியை எடுத்துவந்து கயிற்றை அறுத்து எறிந்தாள். சாக்கையும் குத்திக் கிழித்தாள். நெல் முற்றமெல்லாம் கொட்டுண்டது.

“நான்தான் தூக்குக் கேட்டனான்,” என்று கத்தினாள். “நான்தான் தேங்காய் உடைச்சனான். ஆனா ஆரோ ஒருத்தன் எங்கயோ செய்வான் எண்டுதானே நினைச்சனான். அந்த ஆரோ ஒருத்தன் என்ர வீட்டில இருந்து சாப்பிடுவான் எண்டு நினைக்கேல்லை.”

குகதாசன் குனிந்து நெல்லைக் கூட்டினான். ஆனாலும் நேர்முகத்துக்குப் போனான். அவள் சாப்பாடு கட்டிக்கொடுக்கவில்லை.

அடுத்த நாள் திரும்பிவந்து, செருப்பைக் கழற்றாமலே கதிரையில் இருந்தான்.

“எடுக்கேல்லையாம்.”

“ஏனாம்?”

“என்ர பிள்ளையைச் சாகடிச்சவன் உள்ளுக்க இருக்கிறான் எண்டு சொன்னனான். அங்க இருந்த பெரியவர் சிரிச்சார். இது பழிவாங்கிற இடமில்லை, அரசாங்க உத்தியோகம் எண்டு சிங்களத்தில சொன்னாராம். அதைத் தமிழில மாத்திச் சொன்ன பெடியன் என்ர முகத்தைப் பார்க்கேல்லை.”

கௌசலாவின் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. “நல்லதாப் போச்சு. எழும்பிக் குளியுங்கோ.”

அவன் எழும்பவில்லை.

“அதுக்கு முதல் ஒண்டு கேட்டவை. உனக்கு ஆரெண்டே தெரியாத, உனக்கு ஒண்டும் செய்யாத ஒருத்தன் எண்டாலும் தூக்குவியோ எண்டு.”

“என்ன சொன்னனீங்கள்?”

“ஓம் எண்டனான்.” அவன் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தான். “யோசிக்கவே இல்லை கௌசலா. வாயில வந்திட்டுது.”

இறங்கின கல் திரும்ப ஏறி இருந்த இடத்திலேயே இருந்தது. மேலிடத்தில் அடிபட்ட கதை அப்படியே அடங்கியது, தூக்கு ஒருவருக்கும் விழவில்லை. கிருபன் உள்ளே உயிரோடுதான் இருக்கிறான்.

வருசம் பிறந்தது. சுதாஜினி ஊஞ்சல் வேண்டும் என்று அடம்பிடித்தாள். குகதாசன் புதுக்கயிறு வாங்கிவந்து வேம்பில் எறிந்து, பலகைக்கு முடிச்சுப் போட்டான். பார்த்தால் அந்தச் சுருக்கு முடிச்சு. அவிழ்த்தான். மறுபடி போட்டான். மறுபடியும் கை அதைத்தான் போட்டது.

“விடுங்கோ,” என்று கயிற்றை வாங்கி, கௌசலா தனக்குத் தெரிந்தமாதிரி கட்டினாள். கோணலாகத்தான் வந்தது. சுதாஜினி ஏறி இருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, ஆட்டிவிடுங்கோ!”

குகதாசன் பிள்ளைக்குப் பின்னால் போய் நின்றான். கையை நீட்டவில்லை. ஆட்டட்டோ என்று கேட்கிறமாதிரி கௌசலாவைப் பார்த்தான். ஓம் என்று ஒரு சொல்லுத்தான் அவள் சொல்ல வேண்டியிருந்தது. அவளுக்கு வாய் வரவில்லை.