நாற்பதாவது வரிசை

சுனாமி வந்து ஐந்தாவது வாரம். வவுனியாவில் ஒரு நிவாரண அமைப்பின் அலுவலகத்தில் நஸ்மியா வேலை செய்தாள். முல்லைத்தீவுக் கரையில் காணாமற்போனவர்களின் இணையப் பட்டியல் அவள் பொறுப்பு. அறுநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள், ஒவ்வொன்றும் ஒரு வரிசை. தேடப்படுவோர் வெள்ளை, உயிருடன் கிடைத்தோர் பச்சை, இறந்தது உறுதியானோர் கறுப்பு. ஒவ்வொன்றாகத் திறந்து நிறத்தையும் சொல்லையும் மாற்றி மாற்றி அவளுக்கு விரல்கள் மரத்துவிட்டன. பெயர்களை வாசிக்காமலிருக்கவும் பழகியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஒரு கடிதம் வந்தது. ஒரே கிராமத்தில் நாற்பத்தாறு பேர் இறந்தது உறுதி. பட்டியலில் அவர்கள் நாற்பதாவது முதல் எண்பத்தைந்தாவது வரை அடுத்தடுத்து இருந்தார்கள். கையால் மாற்ற அவளால் இயலவில்லை. ஐந்து வரியில் ஒரு கணினி நிரல் எழுதினாள்: நாற்பதிலிருந்து எண்பத்தைந்து வரை ஒவ்வொரு வரிசைக்கும் போய்க் கறுப்பாக்கு, 'இறந்தவர்' என்று எழுது. ஒரே தட்டலில் எல்லாம் மாறின. சரிபார்க்காமலே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை கனடாவிலிருந்து விமலேஸ்வரி என்றொரு பெண் அழைத்தாள்.

"பிள்ளை, என்ர அண்ணர் பொன்னையா. முந்தநாள் பச்சை. இப்ப கறுப்பாக் கிடக்கு. ஆஸ்பத்திரியில செத்துப்போனாரோ?"

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா. பாத்திட்டு எடுக்கிறன்."

பொன்னையா எண்பத்தாறாவது. நிரல் வரிசைகளைப் பூச்சியத்திலிருந்து எண்ணும்; முதல் வரிசை அதற்குப் பூச்சியம், நாற்பதாவது முப்பத்தொன்பது. தெரிந்த விஷயம்தான், களைப்பில் மறந்துவிட்டாள். எல்லாம் ஒரு வரிசை கீழே தள்ளிப் போயிருந்தது. நாற்பதாவதைப் பார்த்தாள். அன்னபாக்கியம். வெள்ளை. 'தேடப்படுகிறார்.'

கனடாவுக்குப் பதில் சொல்லுமுன் பொன்னையாவைக் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

காலில் கட்டுடன் பொன்னையா பாண் தின்றுகொண்டிருந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"தங்கச்சி பயந்திட்டாவோ? பாவம்," என்றார். "மூத்தக்கா அன்னபாக்கியத்தையும் இன்னும் தேடீனம் என்ன? நேற்றுப் பின்னேரம் நேர்ஸ் பிள்ளை பட்டியலைப் பாத்துச் சொன்னவா. அந்த ஊரில எல்லாரும் கறுப்பாம், அவா மட்டும் இல்லையாம்."

நஸ்மியா பக்கத்து வாங்கில் உட்கார்ந்தாள்.

"ஐயா, அதுவும் என்ர பிழை. அவாவின்ர பேரும் கடிதத்தில இருக்கு."

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம் ஐயா. மன்னியுங்கோ."

அவர் பாணைத் தட்டில் வைத்தார்.

"ராத்திரி நல்லா நித்திரை கொண்டனான்," என்றார் பிறகு. "ஒரு மாசத்துக்குப் பிறகு."

அவள் தலை குனிந்திருந்தாள்.

"தங்கச்சிக்கு நான் சொல்லுறன். நீங்கள் நம்பரைப் போட்டுத் தாங்கோ."

அலுவலகக் கைத்தொலைபேசியில் எண்ணை அழுத்திக் கொடுத்துவிட்டு விறாந்தைக்குப் போய் நின்றாள். "ஓம், நான்தான், நான்தான்," என்று அவர் சொல்வது கேட்டது. பிறகு குரல் தாழ்ந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பி, பொன்னையாவைப் பச்சையாக்கினாள். நிரலில் எண்களைத் திருத்தி ஓடவிட்டாள். பின்பு கடிதத்தை மடியில் விரித்து, நாற்பத்தாறு பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபார்த்தாள். மத்தியானம் ஆகிவிட்டது.