பரிஸுக்கு இறங்கும் குழி

பரிஸ் நகரத்து நிலக்கீழ் ரயிலுக்குப் புத்தூர்க் கூலியாள் ஏரம்பு கட்டவேண்டியிருந்த குற்றப்பணம் நூற்றுப் பதினெட்டு யூரோ ஐம்பது சதம். அவரிடம் கடவுச்சீட்டு இருந்ததில்லை. பங்குனி மாதம் பரமலிங்கம் வீட்டுக்கு மலக்குழி வெட்டப் போனவர், ஏழாவது அடியில் அலவாங்கை ஓங்கிப் போட்டார். சுண்ணக்கல் உடைந்தது, வெள்ளை ஓடு பதித்த படிக்கட்டொன்று கீழே இறங்கிப் போனது. அடியில் வெளிச்சமும் சனமும் தெரிந்தன. ஏரம்பு இடுப்புச் சாரத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு இறங்கினார். ரயில் வந்தது, ஏறினார், யன்னலோரம் இருந்தார், கொண்டக்டர் வருவாரென்று நூறு ரூபாயை மடித்துக் கையில் வைத்திருந்தார். யாழ்ப்பாணத்து பஸ்ஸில் ஏறி இருந்தால் போதும், டிக்கெற் ஆளைத் தேடி வரும். மூன்றாம் தரிப்பில் சீருடைக்காரர் இருவர் வந்தபோது அவர் சந்தோசமாகத் தாளை நீட்டி, "ஒராள். மிச்சத்தைப் பிறகு தாங்கோ" என்றார். அவர்கள் அவருடைய அடையாள அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டு, திரும்பிப் போகிற ரயிலில் ஏற்றிவிட்டார்கள். மூன்றாம் நாள் புத்தூர்த் தபால்காரர் குற்றப்பணக் கடிதத்தைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கினார்.

"ஊரிலை ஒரு கடையிலை கடன்கொப்பி போடாத மனுசன், வெள்ளைக்காரனிட்டைக் கடன்பட்டு வந்து நிக்குது!" என்று மனைவி செல்வநாயகி தலையில் கை வைத்தபடி முற்றத்தில் இருந்துவிட்டாள். ஏரம்புவின் கவலை வேறு. மறுமுறை இறங்கிப் பார்த்தால் படிக்கட்டின் அடியில் கண்ணாடிக் கதவும் பக்கத்தில் ஒரு கூண்டும் முளைத்திருந்தன. டிக்கெற் எடுத்தவர்களுக்கெல்லாம் கதவு பச்சை காட்டித் திறந்தது. குற்றப்பணம் கட்டாத அவர் டிக்கெற் எடுத்து வைத்தாலும் சிவப்புத்தான். அந்தக் கதவுக்கு அப்பால், பதினோராவது தரிப்பில், அவருடைய மகன் கோபிசங்கர் இருந்தான். மூன்று பரப்பு வெங்காயக் காணியை விற்ற காசில் போனவன், அனுப்ப ஒன்றும் இல்லையென்று கூசி, ஏழு வருசமாகத் தொலைபேசி எடுக்கவில்லை. விலாசத்தைக் கொண்டுபோய்க் கதவைத் தட்டிப் பார்த்த ஊர்க்காரர் எல்லாரும் ஒரே செய்தியோடு திரும்பினார்கள். "உள்ளுக்கை லைற் எரியுது அண்ணை, பைப்பிலை தண்ணி ஓடுது. கடன்காரர் எண்டு நினைக்கிறான் போல, திறக்கிறானில்லை."

சித்திரைக்குள் உடுப்பிட்டியிலிருந்தும் வல்வெட்டித்துறையிலிருந்தும் சனம் வரத் தொடங்கிவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் எழுத்துப் படித்த ஏரம்பு, குழியின் வாயில் நின்று, முதல்தரம் போகிறவர்களுக்குப் புத்தி சொன்னார். திரும்பி வந்தவர்கள் பட்டதையும் கேட்டுச் சேர்த்து, சீமெந்துப் பேப்பரில் எழுதித் தொங்கவிட்டார். ரயிலுக்குக் கை காட்ட வேண்டாம், அது தானாக நிற்கும். ஆனால் பழைய ரயிலில் கதவு தானாகத் திறக்காது, கொளுவியைத் தூக்க வேண்டும். பாதையின் இலக்கம் மட்டும் போதாது, கடைசித் தரிப்பின் பெயரைப் பார்த்து ஏறு. டிக்கெற்றைச் சுருட்டி எறியாதே, வெளியே வரும்வரை வைத்திரு. யாரிடமும் வழி கேட்க முன்னம் போன்சூர் என்று வணக்கம் சொல்லு, சொல்லாவிட்டால் மறுமொழி வராது. எதிரில் வருகிறவரிடம் எங்கை போறியள் என்று கேளாதே. ஓடுகிற படியில் வலப்பக்கமாக நில். இந்தக் கடைசியை வாசிக்காமல் போன பராசக்தி, மாம்பழக் கடகத்தோடு இடப்பக்கம் மறித்து நின்றாள். பின்னால் பதினொரு பேர் நின்றார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. "பேசியிருந்தால் நானும் ரெண்டு பேசியிருப்பன்" என்றாள், மூன்று நாளாகக் கண்டவரிடமெல்லாம்.

ஏரம்பு கூலியில் மிச்சம் பிடித்து, யாழ்ப்பாணத்தில் யூரோவாக மாற்றி, கூண்டடிக்குப் போனார். கூண்டில் இருந்தவள் லவீனா, குருநகர்த் தாய்தகப்பனுக்கு அங்கேயே பிறந்த பிள்ளை.

"ஐயா, குற்றப்பணத்துக்குக் காசு எடுக்கமாட்டம். காட் மட்டும்தான், அதுவும் உங்கடை பேரிலை."

"காசு எடுக்காத கந்தோரோ?" ஏரம்பு நோட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கள்ள நோட்டில்லைப் பிள்ளை."

"தெரியும் ஐயா."

அவர் மலைத்து நிமிர்ந்தபோதுதான் கூரையைக் கண்டார். புத்தூர்க் கிணறுகளின் தண்ணீர் கல்வெடிப்பால் இறங்கி, பரிஸ்காரரின் தலையில் சொட்டிக்கொண்டிருந்தது. குடை பிடித்தபடி நின்றார்கள், ஆனால் ஒருவரும் மேலே பார்க்கவில்லை.

"பிள்ளை, எங்கடை பக்கத்திலை கடன்பட்டால் கூலியிலை கழிக்கிறது வழக்கம். இந்த ஒழுக்கை நான் அடைச்சுத் தாறன். உன்ரை பெரியாக்களிட்டைக் கேள்."

லவீனா கேட்டாள். பெரியாக்கள் மூன்று நாள் யோசித்தார்கள். பிறகு ஏரம்பு பன்னிரண்டு நாள், படியடியில் பலகைச் சாரம் கட்டி ஏறி நின்று, வெடிப்பு வெடிப்பாகக் கல்லைக் கொத்திச் சீமெந்து அடைத்தார். பதின்மூன்றாம் நாள் காலை கூரை காய்ந்திருந்தது, கதவு பச்சை காட்டியது.

அவர் கடைசித் தரிப்பின் பெயரை எழுத்துக்கூட்டிப் பார்த்து ஏறினார். பதினோராவது தரிப்பில் கொளுவியைத் தூக்கி இறங்கினார். ஓடுகிற படியில் வலப்பக்கம் நின்றார், ஒரு கிழவிக்குப் போன்சூர் சொல்லி விலாசத்தைக் காட்டினார், நாலு மாடி ஏறிக் கதவைத் தட்டினார். உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் நின்றது.

"தம்பி, அப்பா."

பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், அரைவாசி மனிதனுடையது போல வந்தது. "காணிக் காசு இன்னும் சேரேல்லை அப்பா."

ஏரம்பு கதவுக்குக் கிட்டப் போனார். ஏழு வருசமாக இதற்காகவா!

"அடேய், அந்தக் காணியை நான் எப்பவோ கழிச்சுப்போட்டன். கதவைத் திற, கால் உளையுது."

கதவு திறந்தது.

பரமலிங்கம் மலக்குழியை வேலியோரமாக வேறிடத்தில் வெட்டுவித்தார். புத்தூர்ச் சந்தியில் கொண்டக்டர்மார் "பரிஸ் இறங்கிறாக்கள் முன்னுக்கு வாங்கோ" என்று கூப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோபிசங்கர் படியேறி வந்து மத்தியானம் சாப்பிட்டுப் போகிறான். காணிக் காசைப் பற்றி அந்த வீட்டில் பிறகு ஒருவரும் கதைக்கவில்லை.