எண்ணெய் விடாத கதவு

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பதுதான் அவளுக்குச் சோறு போட்ட வேலை. ஆனால் ராப் பாட்டுக் கேட்கிற இளசுகளுக்கு அவள் ‘கொக்கி’. பாடுகிறவன் வாயைத் திறப்பதற்கு முன்னால், தாளம் எழுகிற இடத்தில், இரண்டு நொடிக்கு ஒரு சத்தம் வரும். சாவிக்கொத்து குலுங்கும், கொக்கி விழும், துருப்பிடித்த கீல் ஒன்று அடித்தொண்டையில் முனகும். அது வந்துவிட்டால் பீட், அதாவது பாட்டுக்குப் பின்னால் ஓடுகிற தாளம், அவள் செய்தது என்று அர்த்தம். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் வாயாடி அவளுக்கு அந்தப் பெயரையே வைத்தான்.

வாயாடி பகலில் பார்சல் வேன் ஓட்டுகிறவன், மற்ற நேரத்தில் பாடுகிறவன். பெயருக்கேற்ற ஆள். “எங்கேருந்து புடிச்ச இந்தச் சத்தத்தை? கேட்டாலே முதுகு சில்லுங்குது!” என்று நூறு தடவையாவது கேட்டிருப்பான். “ஏதோ பழைய கதவு” என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள்.

அது அவள் புருஷன் வீட்டுக் கதவு.

நான்கு வருடம் அந்த வீட்டில் இருந்தாள். சாவி குலுங்குகிற விதத்தை வைத்தே அன்றைய பொழுது எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். நிதானமாகக் குலுங்கினால் பிழைத்தாள். படபடவென்று குலுங்கினால் அடுப்பை அணைத்துவிட்டு, மேஜை முனை முதுகில் படாத இடமாகப் பார்த்துப் போய் நின்றுகொள்வாள். அடியைத் தடுக்க முடியாது, விழுகிற இடத்தையாவது தேர்ந்தெடுக்கலாம் என்பது அவள் கணக்கு.

அவன் இல்லாத நேரங்களில் போனில் சத்தங்களைப் பதிவு செய்வாள். குழாய் சொட்டுவது, துடைப்பம் தரையில் இழுபடுவது, இப்படி. இணையத்தில் பார்த்து, இலவச மென்பொருள் ஒன்றில் அவற்றை வெட்டி ஒட்டித் தாளமாக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ஜன்னல் தகரத்தில் மழை விழுவதைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது அவன் சீக்கிரமே வந்துவிட்டான். நிறுத்துவதற்குள் பதினொரு நொடி போனில் ஏறிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை காய்கறிப் பையில் இரண்டு உடுப்பும் சார்ஜரும் போட்டுக்கொண்டு, பஸ் மாறி பஸ் ஏறி, அக்கா இருக்கும் ஊருக்கு வந்து சேர்ந்தாள். அக்கா கன்னத்தைப் பார்த்தாள், சோறு போட்டாள், தன் அறையில் ஒரு கட்டிலைக் காலி செய்து கொடுத்தாள்.

ஆறு மாதம் கழித்து அந்தப் பதினொரு நொடி கையில் தட்டுப்பட்டது. மழைதானே என்று நினைத்து ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். சாவி குலுங்கியதும் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள். அக்கா வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் யாருமே இல்லை. இருந்தும் அரை மணி நேரம் அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை.

மறுநாள் மீண்டும் கேட்டாள். அதற்கு மறுநாளும். பிறகு அதை வெட்டத் தொடங்கினாள். மழையை நீக்கினாள். சாவியின் சுருதியை இறக்கினாள். இறக்க இறக்க அது அவன் சாவி மாதிரியே இல்லை, யாரோ ஒரு கிழவன் சில்லறையை எண்ணுகிற மாதிரி ஆனது. கொக்கி விழும் இடத்தில் ஒரு கனத்த டிரம்மை வைத்தாள். கீலின் முனகலை மட்டும் தொடவில்லை. பொத்தானை அழுத்தினால் வந்தது, விட்டால் நின்றது. எப்போது வரவேண்டும் என்பதை இப்போது அவள் சொன்னாள். அந்த எண்ணம் அவளுக்குப் பிடித்திருந்தது.

வாயாடியோடு சேர்ந்து செய்த நான்காவது பாட்டு எப்படியோ பற்றிக்கொண்டது. பஸ்ஸில் கேட்டது, எதிர்க்கடை சலூனில் கேட்டது. தெருவில் சின்னப் பிள்ளைகள் அந்தக் கீல் சத்தத்தை வாயால் செய்துகொண்டு ஓடின. வாயாடி தலைகால் தெரியாமல் ஆடினான்.

அந்தச் சமயத்தில்தான் இணையத்தில் அவர்கள் பாட்டுப் போடுகிற பக்கத்துக்கு ஒரு செய்தி வந்தது. பின்னறையில் ஒரு லென்ஸை எந்திரத்தில் வைத்தபடி போனை எடுத்துப் பார்த்தாள்.

‘நம்ம வீட்டுக் கதவு இன்னும் அப்படியேதான் சத்தம் போடுது. எண்ணெய் விடல. உனக்காக வெச்சிருக்கேன்.’

எந்திரத்தில் லென்ஸ் உடைந்தது. முன்னாலிருந்து முதலாளி, “என்னம்மா அங்க?” என்று குரல் கொடுத்தார். “கை தவறிடுச்சு சார்” என்றாள். குரல் யாருடையதோ போல இருந்தது. செய்தியை அழித்தாள். அழித்தபிறகுதான், அழித்திருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

அக்காவிடம் மட்டும் சொன்னாள்.

“பாட்டை எடுத்துடச் சொல்லு” என்றாள் அக்கா.

“எடுத்து என்னக்கா ஆகப்போகுது? ஊரெல்லாம் ஓடுது. என் முகவரியை நானே பாட்டுல போட்டு அனுப்பியிருக்கேன்.”

“உன்னோட பாடற அந்தத் தம்பிகிட்டயாவது விஷயத்தைச் சொல்லுடி.”

“என்னன்னு சொல்றது? எனக்குக் கல்யாணம் ஆனதே அவனுக்குத் தெரியாது.”

அதைச் சொல்லாமல் விட்டதுதான் தப்பாகப் போயிற்று. அடுத்த பத்து நாளும் அவள் வேறு வேறு வழியில் கடைக்குப் போனாள். யாராவது பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தால்கூட எதிர்ச்சாரிக்கு ஓடினாள். அக்கா வீட்டுக் கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போட்டாள். குளிக்கும்போதுகூடக் குழாயைப் பாதிதான் திறந்தாள், வெளியே என்ன நடக்கிறது என்று காது கேட்க வேண்டுமே! இணையப் பக்கத்தை அவள் திறந்தே பார்க்காத அதே பத்து நாளில், ரசிகன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் அதற்கு எழுதினான். கொக்கியின் பீட் வேண்டும், நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்றான். வாயாடிக்குத் தலை கனத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஸ்டூடியோவுக்கு வாங்க என்று வழியும் சொல்லி எழுதிவிட்டான்.

ஸ்டூடியோ என்றால் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இரண்டே அறைகள். உள்ளறையில் சுவரெல்லாம் பஞ்சு மெத்தை, நடுவே ஒரு மைக். அங்கே கத்தினால் வராந்தாவில் எறும்புக்குக்கூடக் கேட்காது. அடுத்த அறையில் ஒலிப்பதிவாளர் அண்ணன் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பார். இரண்டுக்கும் நடுவே கண்ணாடி ஜன்னல் உண்டு, ஆனால் திரை போட்டிருக்கும். ஊர் முன்னால் ஓயாமல் பேசுகிற வாயாடிக்கு, பாடும்போது ஒருத்தர் பார்த்தால் வார்த்தை வராது. அவனுக்காகப் போட்ட திரை.

அந்த ஞாயிறன்று அவள் உள்ளறையில் தனியாக உட்கார்ந்து, கடையிலிருந்து கொண்டுவந்த உடைந்த லென்ஸ் துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பதிவு செய்துகொண்டிருந்தாள். புதுச் சத்தம் ஏதாவது கிடைக்காதா என்ற தேடல். “ஓடிட்டே இருக்கட்டும்மா, ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்” என்று அண்ணன் எழுந்து போயிருந்தார். வேனை நகர்த்தச் சொல்லி யாரோ சத்தம் போட்டதால் வாயாடியும் கீழே இறங்கியிருந்தான். படியில் எதிரே வந்தவரிடம், “மேலே இருக்காங்க சார், போங்க” என்று சிரித்துக்கொண்டே வழிவிட்டானாம்.

கதவு திறந்தது. வாயாடி என்று நினைத்து நிமிர்ந்தாள்.

இளைத்திருந்தான். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. உள்ளே வந்து, பின்கையாலேயே கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டான். கையில் அந்தச் சாவிக்கொத்து.

“வாங்க” என்றாள். நான்கு வருடப் பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது. உடனே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

“மரியாதையெல்லாம் குறையல. பரவாயில்ல.” சுவர் மெத்தையை விரலால் அழுத்திப் பார்த்தான். “நல்ல ரூம்தான். சத்தம் வெளிய போகாதில்ல?”

அவள் கால்கள் தாமாகவே ஒரு மூலையைத் தேடின. மேஜை இல்லாத இடம், முனை இல்லாத இடம். இரண்டடி பின்னால் போனபிறகுதான் மைக் நினைவுக்கு வந்தது. அதன் கீழே சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பதிவு ஓடுகிறது. ஆனால் அடுத்த அறையில் அண்ணன் இருக்கிறாரா? போன் பேசி முடித்துவிட்டாரா? திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி காலியாக இருந்தால்?

மூலைக்குப் போனால் மைக்கை விட்டு விலகிவிடுவாள். உடம்பு முழுக்கப் போ போ என்றது. அவள் போகவில்லை. மைக் பக்கமாக ஓரடி வைத்தாள். வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான ஓரடியை அவள் வைத்ததில்லை.

“எதுக்குக் கதவைத் தாழ்ப்பாள் போட்டீங்க?” என்றாள் உரக்க.

“கத்தாத.”

“கதவைத் திறங்க.”

“என் கதவை ஊர் பூரா போட்டுக் காட்டிட்டு, என்னையே கதவைத் திறக்கச் சொல்றியா?” அவன் குரல் உயரவில்லை. அவன் குரல் எப்போதும் உயர்ந்ததில்லை. “சலூன்ல உட்கார்ந்திருக்கேன். என் வீட்டுச் சத்தம் கேக்குது. நாலு பேரு தலையாட்டுறான். எப்படி இருக்கும் எனக்கு? நாலு வருஷம் உன்ன என்ன பாடு படுத்தினேன்னு ஊருக்கே சொல்லணும், அதானே? பாதிதான் சொல்லியிருக்க. மீதியை இன்னிக்குக் காட்டறேன்.”

சாவிக்கொத்தை விரலிடுக்குகளில் கோர்த்துக்கொண்டான். மற்றக் கை அவள் கழுத்துக்கு வந்தது.

“கழுத்துலேர்ந்து கையை எடு!” என்று கத்தினாள். அதுவரை வந்த ‘ங்க’ எங்கே போயிற்றோ தெரியாது. “கையில சாவி வெச்சிருக்க, என்னைக் குத்தப் போற, கையை எடு!”

யாரிடம் இதையெல்லாம் விவரமாகச் சொல்கிறாள் என்று அவனுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. சுற்றிப் பார்த்தான். சிவப்பு விளக்கைக் கண்டான். கழுத்தை விட்டுவிட்டு மைக்கைப் பிடுங்கித் தரையில் அடித்தான்.

இனி யாருக்கும் கேட்காது என்று அவளுக்குத் தெரிந்தது. கையில் இன்னும் லென்ஸ் துண்டு இருப்பதை உணர்ந்தாள். அதை இறுக்கிப் பிடித்ததில் அவள் உள்ளங்கைதான் கிழிந்தது.

அப்போது கதவில் ஓர் உதை விழுந்தது. இரண்டாவது. மூன்றாவதில் தாழ்ப்பாள் பெயர்ந்து பறந்தது. முதலில் வாயாடி விழுந்தான், ஆமாம், உதைத்த வேகத்தில் விழுந்தேதான் உள்ளே வந்தான். பின்னால் ஒலிப்பதிவாளர் அண்ணன், வெளிறிய முகத்தோடு, மைக் ஸ்டாண்டு ஒன்றை ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டு. ஊசி போட்டுக்கொள்ளவே பயப்படுகிற மனிதர் அவர்.

“இது எங்க குடும்ப விஷயம்” என்றான் அவன்.

“நீ பேசினதைக் கேட்டேன்யா நான்” என்றார் அண்ணன். ஸ்டாண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. “முழுசும் ஏறியிருக்கு. அசைஞ்சீன்னா குத்திடுவேன்.”

அவர் போன் பேசிவிட்டு வந்து ஹெட்போனை மாட்டியபோது, ‘மீதியை இன்னிக்குக் காட்டறேன்’ என்ற வார்த்தைதான் முதலில் காதில் விழுந்ததாம். ஏதோ பாட்டுக்கு ஒத்திகை என்று ஒரு நொடி நினைத்தாராம், பிறகுதான் வேனை நகர்த்திவிட்டு மேலே வந்த வாயாடியைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினாராம். அந்த ஒரு நொடிக்காக அவர் பிறகு பல நாள் தன்னைத் திட்டிக்கொண்டார்.

காவல் நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி அந்தப் பதிவை இரண்டு தடவை கேட்டார். இரண்டாம் தடவை கேட்டு முடித்ததும், அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். கையில் நான்கு தையல். வழக்கு நடந்தது. அவனுக்குச் சிறை கிடைத்தது, வெளியே வந்தாலும் அவள் பக்கம் நெருங்கக் கூடாது என்றும் உத்தரவானது. உத்தரவு ஒரு காகிதம்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு வாயாடி ஒரு மாதம் வாயையே திறக்கவில்லை. பிறகு ஒருநாள் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்று, அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டான். அவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தவள் அக்காதான். மூக்கைத் துடைத்துக்கொண்ட பிறகு, தயங்கித் தயங்கி, “அந்தப் பதிவு இருக்குல்ல... அவன் குரலை ஒரு பாட்டுல வெச்சா ஊரே அவனைக் காறித் துப்பும்” என்றான்.

“வேணாம். என் பாட்டுல அவனுக்கு இடம் கிடையாது. அந்தக் கதவுச் சத்தமும் இனிமே கிடையாது.”

“அப்புறம் உன் பீட்டுன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?”

“கண்டுபிடிக்காம இருந்தா நிம்மதி” என்றாள் அவள்.

மூன்று மாதம் எதையும் செய்யவில்லை. லென்ஸ் தேய்த்தாள், வீட்டுக்கு வந்தாள், இரண்டு தாழ்ப்பாளையும் போட்டாள். பிறகு ஒரு விடுமுறை நாளின் மதியத்தில், கை சும்மா இருக்க மாட்டாமல், ஒரு பீட் செய்தாள். முத்திரைச் சத்தம் இல்லை, பெயரும் இல்லை. வேறொரு புதுப் பாடகிக்குக் கொடுத்து, யார் செய்தது என்று போடாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

பாட்டு வெளியாகி ஒரு மணி நேரத்தில் கீழே ஒரு பெண் எழுதியிருந்தாள்: ‘இது கொக்கிதானே? தாளத்துல மூணாவது அடிக்கு முன்னாடி மூச்சைப் புடிச்ச மாதிரி ஒரு இடம் விடுவாங்களே, அது வேற யாருக்கும் வராது.’

அப்படி ஓர் இடம் விடுவதே அவளுக்குத் தெரியாது. பாட்டைப் போட்டுக் கேட்டாள். இருந்தது. பழைய பாட்டுகளைப் போட்டுக் கேட்டாள். எல்லாவற்றிலும் இருந்தது. கண் தானாகக் கதவுப் பக்கம் போனது. அக்கா அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். மறுத்துவிடலாம், பதிலே போடாமல் விட்டுவிடலாம். பாடகியும் சத்தியத்தைக் காப்பாற்றுவாள்.

‘ஆமா, நான்தான்’ என்று எழுதி அனுப்பினாள்.