மூன்றாம் ஓலை

...அதென்ன டி-ஆத், போன ஞாயிறே எழுந்து கேட்டிருக்கவேண்டும், ஆனால் கோயிலில் வாய் திறப்பதா, இங்கிலாந்தில், அதுவும் சஃபோக்கில் பிறந்தவள் செய்கிற காரியமா அது... ஹெஸ்டர் பாட்டுப் புத்தகத்தைச் சும்மா புரட்டினாள். இடப்பக்கம் அப்பா, வலப்பக்கம் அவள் கட்டிக்கொள்ளப்போகும் டங்கன், இன்று அவர்கள் இருவர் கல்யாணத்துக்கும் மூன்றாவது, கடைசி ஓலை, தடை உண்டா என்று மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்கிற அறிவிப்பு. முதல் இரண்டையும் புதுப் பாதிரியார் ஹெஸ்டர் டி-ஆத் என்றுதான் வாசித்தார், பாவம், மரியாதைதான், குடும்பப் பெயர் அதுவே ஆனாலும் கல்யாணப் பெண்ணைப் போய் டெத் என்று, சாவு என்று, எப்படிச் சொல்வது என்று கூசி பிரெஞ்சுக்காரர் மாதிரி இழுத்துவிட்டார். அவளுக்கென்ன, சந்தோஷப்பட வேண்டியவள்தானே? பள்ளியில் இவள் பெயரைக் கூப்பிட்டதும் வகுப்பே நாக்கைத் தள்ளிக்கொண்டு செத்து விழும், இப்போது வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியிலோ சட்டையில் குத்திய பெயர் அட்டையில் வெறும் ஹெஸ்டர். டங்கன் கிரீன் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டபோது உடனே சரி என்றதில் அந்த கிரீனுக்கும் பங்கு உண்டு, நிறம்தானே, யார் சிரிப்பார்கள்? அப்பா அப்படியில்லை, போனை எடுத்தாலே டெத் பேசறேன் என்பார், அந்தப் பக்கம் சிரித்து ஓயும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். போன ஞாயிறு மட்டும், ஓலை கேட்டு வீடு திரும்பியதும், மதியச் சாப்பாட்டின் வறுத்த இறைச்சியைத் தொடவில்லை. "பாதிரியாரைச் சொல்லிக் குத்தமில்ல, கண்ணு. நீயாவது தப்பிச்சே" என்றார், கோபமே இல்லாமல். கோபப்பட்டிருக்கலாம்... தப்பித்தேனா, யாரிடமிருந்து, இவரிடமிருந்தா?

பாதிரியார் வாசித்துவிட்டார், மறுபடியும் அதே இழுவை, தடை ஏதும் தெரிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்கிறார், வழக்கம்போல ஒருவரும் மூச்சுவிடவில்லை, அந்த அமைதியில் எழுந்து நிற்பது யார்... ஐயோ, நான்தான். கோயில் மொத்தமும் திரும்புகிறது, டங்கன் முகத்தில் ஈயாடவில்லை.

"தடை ஒண்ணும் இல்லைங்க, ஐயா. என் பேரு டெத். அதைச் சரியா வாசிச்சிருங்க, போதும்."

பாதிரியார் காது சிவக்கத் திரும்ப வாசித்தார். ஹெஸ்டர் டெத். ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா நேரே பலிபீடத்தைப் பார்த்தபடியே இருந்தார், ஆனால் அவர் தோள் மெல்ல அவள் தோளில் வந்து சாய்ந்தது, விலகவில்லை. இத்தனை வருடமும் அந்தப் பெயரை அவர் மட்டும் தனியாகச் சுமந்தாரே. வலப்பக்கம் டங்கன் குனிந்து, உயிர் வந்த சிரிப்போடு கிசுகிசுத்தான். "பயமுறுத்திட்டே போ. ஆனா கல்யாணத்துக்கு அப்புறம் மிஸஸ் கிரீன்தானே?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள், மாதக்கணக்காகத் தயாராக இருந்த சொல், ஏன் வரமாட்டேன் என்கிறது...